டிப்ஸை எடுக்கும் வரிசை

...அதுக்குத்தானே சம்பளம் வாங்குறான் என்று மாமியார் சொன்னபோது அவர் வாயில் பாதி மென்ற ரொட்டி இருந்தது, அந்த ரொட்டியை மென்ற பல்செட்டை வாந்தி வாளிக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்து, வெந்நீரில் கழுவி, ஒரு கிண்ணத்தில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டியவனே அறை துடைக்கிற அந்த அறைக்காரன்தான், அன்றைக்கு இதே வாய்தான் நீ நல்லா இருப்பேப்பா என்றது, இன்றைக்கு அதுக்குத்தானே சம்பளம் வாங்குறான், சீ, என்ன வாய் இது... மருமகள் ஓரடி முன்னால் நகர்ந்தாள். வரவேற்பு மேசையை எட்டுவதற்கு இன்னும் ஏழெட்டுப் பேராவது இருந்தார்கள். நாளைக்குக் காலையில் இந்த உல்லாசக் கப்பல் கரை சேர்ந்துவிடும், அதனால்தான் இன்றைக்கு இந்தக் கூட்டம். ஆளுக்கு இவ்வளவு என்று கப்பல்காரர்களே தினமும் டிப்ஸைக் கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள், அறை துடைப்பவன், தட்டு எடுப்பவன், கீழே எங்கேயோ முகமே தெரியாமல் பாத்திரம் கழுவுகிறவன் எல்லாருக்கும் சேர்த்து, வேண்டாமென்றால் இந்த மேசைக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எடுத்துவிடுவார்கள், தப்பே இல்லை, உரிமையாம். உரிமை என்ற சொல்லை நாத்தனாரின் கணவர் காலையில் நாலு தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் முள்கரண்டியை ஆட்டிக்கொண்டு.

வரிசையா இது, வெட்கங்கெட்ட வரிசை. பொதுக் கழிப்பறைக்கு நிற்பவர்களைப் போல யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முன்னால் நின்ற அரைக்கால் சட்டைக்காரரின் பின்கழுத்து வெயிலில் வெந்து தோல் உரிந்துகொண்டிருந்தது, அதன்மேல் பூசிய எண்ணெய் வாடையும் மேல் மாடிச் சாப்பாட்டுக் கூடத்துப் பொரியல் வாடையும் கலந்து வந்து மூக்கில் ஏறியது. அவருடைய மனைவி கூரையில் தொங்கிய கண்ணாடி விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், விளக்கு வாங்க வந்தவளைப் போல. அரைக்கால் சட்டைக்காரர் தனக்குள் எதையோ முணுமுணுத்தார், ஒத்திகை பார்க்கிறார், என்ன குறை சொல்லலாம், துண்டு ஈரமாக இருந்தது என்றா, கதவைத் தட்டாமல் வந்தான் என்றா... ஏனென்றால் மேசைப் பெண் கேட்பாள், ஏதாவது குறை இருந்ததா என்று சிரித்தபடியே கேட்பாள், சும்மா பிடிக்கவில்லை, காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று எந்த மனுஷனும் சொல்ல மாட்டான், மானம் இருக்கிறதே, அதனால் ஒரு குறையை உண்டாக்குவார்கள், அந்தக் குறை நேராக அறைக்காரன் தலையில் போய் விழும். ஒரு வாரம் முழுக்க மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு, கடைசி நாளில் வந்து, தின்ற தட்டை எடுத்தவன் மேலேயே பழி... தூ. நானும்தான் நிற்கிறேன். இல்லை, நான் வேறு, நான் அதற்கு நிற்கவில்லை.

நீ போயேன்மா, உனக்குத்தான் நல்லா பேச வரும் என்று இதை மருமகள் தலையில் கட்டியது நாத்தனாரின் கணவர். அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை, நாள் முழுக்க வாயைத் திறக்கவே பயப்படுகிறவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசி உட்காரவைப்பதுதான் பிழைப்பு, அதனால் குடும்பத்தில் எங்கே யாரிடம் கெஞ்ச வேண்டியிருந்தாலும், சண்டை பிடித்துச் சலுகை கேட்க வேண்டியிருந்தாலும் அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள். ரெண்டு ரூமுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லிடு, ஏன்னு கேட்டா ரூம் சுத்தமா இல்ல, ஒரே நாத்தம்னு சொல்லு என்றார். நாற்றம். அந்த நாற்றம் யாருடையது? அவருடைய அறையில், அவருடைய மாமியார், கப்பல் ஆடிய மத்தியானம், மூன்று வகைக் கேக்கும் ஐஸ்கிரீமும் தின்றுவிட்டு வந்து கட்டிலிலும் கம்பளத்திலும் எடுத்த வாந்தி அல்லவா அது. நாத்தனார் கேட்டுக்கொண்டே பழச்சாறு குடித்தாள். துண்டுத்தம்பிக்குக் கொடுக்கலாம்தான், ஆனா கொடுத்தா அவன் கைக்கா போகுது, கம்பெனிக்காரன்தான் முழுங்குவான் என்றாள், யார் சொன்னது உனக்கு, எந்தக் கம்பெனிக்காரன் வந்து உன் காதில் சொன்னான்... துண்டுத்தம்பி என்று பெயர் வைத்ததும் அவள்தான். தினமும் சாயங்காலம் அவன் துண்டை மடித்துக் கட்டிலின் மேல் ஒரு மிருகம் செய்து வைப்பான், முயல், ஆமை, ஒரு நாள் குரங்கு. குரங்குக்குத் தன் கூலிங்கிளாஸை மாட்டிவிட்டு நாத்தனாரின் கணவர் ஊருக்கெல்லாம் படம் அனுப்பினார். தம்பியாம், அவனுக்கு நாற்பது வயதுக்குக் குறையாது, காதோரம் நரைத்திருக்கிறது.

காலைச் சாப்பாட்டு மேசையில் இதெல்லாம் பேசும்போது அவள் கணவன் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான், குனிந்த தலை நிமிராமல், ஓட்டைத் துணுக்குத் துணுக்காக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி. அவளுக்கு அதைப் பார்க்கத்தான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இவனுக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா புருஷனை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை, அவ்வளவுதான், மனசு நம் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படித்தான் வாசித்து வந்திருக்கிறாள், அவன் பேசாமல் இருந்தால் அவள் பக்கம் என்று. அவள் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நாத்தனார் ஜாடைமாடையாகப் பேசினாளே, அன்றைக்கும் இவன் வாய் திறக்கவில்லை, வெளியே வந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான், பாவம் என்று அவள்தான் அவனைத் தேற்றினாள். பேசாத மனுஷன் நல்ல மனுஷன். அந்த வீட்டில் இத்தனை வருஷம் தள்ளியதே அந்த ஒரு நம்பிக்கையில்தான், இவர்கள் எல்லாரும் ஒரு ரகம், இவன் மட்டும் வேறு...

வரிசை நகர்ந்தது. ஒரு குழந்தை தரையில் சிந்திய பாப்கார்னை அதன் தாய் செருப்புக் காலால் ஓரமாகத் தள்ளினாள், யாராவது வந்து கூட்டுவான், அதுக்குத்தானே சம்பளம். அந்த மத்தியானம் மறுபடி வந்தது, வேண்டாமென்றாலும் வருகிறது. நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடிவிட்டாள், பெற்ற மகள், அவளே ஓடினால் மருமகள் என்ன செய்வாள், வாசற்படியில் நின்றாள், உள்ளே போகவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. அறைக்காரன்தான் வந்தான். நீங்க போங்க மேடம், நான் பாத்துக்கறேன் என்று மண்டியிட்டான். பாத்துக்கறேன் என்றதும் மனசுக்குள் அப்பாடா என்று ஒன்று சொன்னதே, அது யார் குரல்? கிழவி என் பல்லு, என் பல்லு என்று அழுதபோது அவன்தான் வாளியைக் கிட்டே இழுத்தான். மருத்துவமனையில் பல்செட்டைத் தினமும் பார்க்கிறவள் மருமகள், கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், சுத்தமாக, விலையோடு. தொட்டதில்லை. அவன் கையுறையைக் கூடப் போட்டுக்கொள்ளவில்லை, அவசரத்தில் வந்திருந்தான். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, வாந்தியைப் பார்த்தா, அவன் கையைப் பார்த்தா, அந்தக் கையைப் பார்த்துக் குமட்டுகிற தன்னைப் பார்த்தா என்று இன்றுவரைக்கும் பிடிபடவில்லை.

மறுநாள் நடைபாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அவளைப் பார்த்து நின்றான். அம்மாவுக்கு இப்போது பரவாயில்லையா என்று விசாரித்தான். அப்புறம் தயங்கித் தயங்கி, இந்தப் பயணத்தோடு தன் ஒப்பந்தம் முடிகிறது, திரும்பக் கூப்பிடுவார்களா என்பது பயணிகள் சொல்வதைப் பொறுத்தது, மேடம் எங்கேயாவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் உதவியாக இருக்கும் என்றான். உங்கள மாதிரி ஆள விடுவாங்களா என்று அவள் சிரித்தாள். அன்றைக்கு முழுக்க நெஞ்சு நிமிர்ந்திருந்தது, பார், இத்தனை பேரில் என்னிடம்தான் மனம் திறந்தான், ஆளை எடை போடத் தெரிந்தவன்... எல்லாரிடமும் இதையே சொல்வானோ? சொல்லட்டுமே. சொன்னால் என்ன? அப்படி ஒரு சந்தேகம் வருகிறதே, அதுதான் அசிங்கம், இந்தக் குடும்பத்துக் காற்று எனக்கும் அடித்துவிட்டது. அதனால்தான் முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். மேசைக்குப் போவது, எடுக்கச் சொல்லாமலே, அந்த மனுஷனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவது, எடுத்தாச்சு என்று அவர்களிடம் புளுகுவது. கரையில் இறங்கியபின் விஷயம் வெடிக்கும், வெடிக்கட்டும், நாத்தனாரின் கணவர் தாம்தூம் என்று குதிப்பார், மாமியார் ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், இவன் முட்டை உரிப்பான். உரித்துவிட்டு, ராத்திரி விளக்கை அணைத்தபின், நல்லதுதான் பண்ணின என்பான். சொல்வான். சொல்லாவிட்டாலும் அவளுக்குக் கேட்டுவிடும்.

அரைக்கால் சட்டைக்காரர் துண்டு நாற்றம் என்றே சொன்னார், பாவி. அவர் மனைவி இன்னும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மருமகளின் முறை வந்தது. மேசைப் பெண் சின்னவள், உதட்டுச் சாயம் பற்களில் லேசாக ஒட்டியிருந்தது, வெகுநேரமாகச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அறை எண்ணைக் கேட்டாள். மருமகள் சொன்னாள். டிப்ஸ் விஷயமா மேடம் என்றாள் அந்தப் பெண், அதே சிரிப்போடு. ஆமாம், ஆனால் எடுப்பதற்காக இல்லை, எங்கள் அறைக்காரரைப் பற்றி நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மருமகள் மருத்துவமனைக் குரலில் தொடங்கினாள், கொஞ்சம் சத்தமாகவே, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், மறுபடி மருமகளைப் பார்த்தாள்.

"மேடம், உங்க ரூமுக்கு ஏற்கெனவே எடுத்தாச்சே."

"இல்லையே, நான் இப்பத்தானே வர்றேன்."

"முதல் நாளே எடுத்திருக்கு மேடம். உங்க கணவர் வந்திருக்காரு. ரூம் சுத்தமா இல்லைன்னு சொல்லியிருக்காரு."

முதல் நாள். முதல் நாள் பெட்டியைக் கூட இன்னும் திறக்கவில்லையே. அறைக்குள் நுழைந்து, ஜன்னலில் கடலைப் பார்த்து, அவள் சின்னப் பிள்ளையைப் போலக் கட்டிலில் குதித்து உட்கார்ந்தாள், இன்டர்நெட்டுக்கு என்ன வழி என்று கேட்டுட்டு வந்துடறேன் என்று அவன் போனான், திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தான், அவள் நக்கி நக்கித் தின்றாள், உருகி விரலில் வழிந்ததைக் கூட விடவில்லை. அப்படியென்றால் காலையில் குனிந்த தலை வெட்கத்தில் குனிந்தது இல்லை. வேலை முடிந்தவனுக்குப் பேச என்ன இருக்கிறது? தன் பங்கு தீர்ந்தது, மற்றவர்கள் இப்போதுதான் யோசிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலில் சட்டைப் பொத்தானைத் திருகியது? அதற்கு முன்னால் என்ன செய்துவிட்டு வந்து நின்றான்? இன்னும் எத்தனை தடவை, அவள் பக்கம் என்று அவள் எண்ணியதெல்லாம்...

இது அறைக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டாள். குரல் இறங்கிவிட்டது. தெரியும் மேடம், அன்னிக்கே சொல்லிடுவாங்க என்றாள் அந்தப் பெண். தெரியும். அப்படியென்றால் மண்டியிட்டபோது தெரியும். வாளிக்குள் கையை விட்டபோது தெரியும். முயல் செய்தபோதும், குரங்கு செய்தபோதும் தெரியும். நடைபாதையில் வண்டியை நிறுத்தி, மேடம் ஒரு நல்ல வார்த்தை என்று தயங்கினானே, அது மனம் திறந்தது இல்லை, ஆளை எடை போட்டதும் இல்லை, கெஞ்சினான், நீங்க எம்மேல போட்டதை நீங்களே எடுங்கன்னு கெஞ்சினான், அதற்குத்தான் அவள் உங்கள மாதிரி ஆள விடுவாங்களா என்று பல்லைக் காட்டினாள், காட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினாள். அவன் என்ன நினைத்திருப்பான்? நாடகக்காரி என்றா? கொழுப்பெடுத்தவள் என்றா? ஐயோ, தோல் கூசுகிறது, இந்தச் சட்டையைக் கழற்றி எறிய வேண்டும் போல, இந்தக் கப்பலின் தண்ணீர் முழுவதையும் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும் போல.

"திரும்பப் போட்டுடலாம் மேடம். அந்தக் குறையையும் எடுத்துடலாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

அந்தப் பெண்ணின் விரல் விசைப்பலகையின் மேல் நின்றது. நகத்தில் சாயம் பாதி உதிர்ந்திருந்தது. போடு, இப்பவே போடு, ரெண்டு பங்காப் போடு என்று நெஞ்சு கத்தியது, மேசைமேல் பேனா இருந்தது, தடுப்பதற்கு யாரும் இல்லை, நாத்தனாரின் கணவர் இல்லை, மாமியார் இல்லை, கணவன் மேலே நீச்சல் குளத்தோரம் துண்டை விரித்துப் படுத்திருப்பான். பின்னால் யாரோ செருமினார்கள். மருமகள் வாயைத் திறந்தாள், உதடு தானாக விரிந்தது, நோயாளிகளுக்கு என்று வைத்திருக்கும் அதே சிரிப்பு.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

சரி மேடம் என்றாள் அந்தப் பெண், ஆச்சரியமே படாமல், சாயங்காலம் வரைக்கும் இருப்போம் என்றாள். அடுத்தவர் முன்னால் வந்துவிட்டார், மருமகள் ஓரமாக ஒதுங்கி, தூணருகில் நின்றாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது, எந்த முகத்தோடு கேட்பது, கேட்டால் அவன் பேசாமல் இருப்பான், பேசாமல் இருந்தால் அதை இனிமேல் எப்படி வாசிப்பது... அதுகூட இல்லை, வேறொன்று உறுத்தியது. அந்தப் பெண் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்தது அவள் சொல்லி முடித்தபின் இல்லை. மருமகள் வாயைத் திறந்தபோதே, முதல் வார்த்தை வருவதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டிருந்தாள். எப்படித் தெரிந்தது அவளுக்கு?