பின்கட்டு ஆணிகள்

செப்டம்பர் பிறந்து கோடைக்கூட்டம் காரைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் எங்கள் ஊர்க்காரர்கள் ஒழுங்காக உடுத்த ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவில் எங்கள் மெய்ன் கடற்கரையில் இலையுதிர்காலத்துக்கென்று ஒரு உடுப்பு உண்டு. முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை, உப்புக்காற்றில் வெளுத்துப்போன கான்வாஸ் கால்சட்டை, சாக்ஸ் இல்லாமல் படகுச் செருப்பு. எதுவும் புதுசாகத் தெரியக் கூடாது. யோசித்துப் போட்ட மாதிரி அறவே தெரியக் கூடாது. அப்படித் தெரியாமல் இருக்க இங்கே சில பேர் படுகிற பாடு இருக்கிறதே, அப்பப்பா! எனக்கென்ன, துறைமுகத் தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். அவர்கள் படுகிற பாட்டில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

அந்த மாதம் டார்லா கடைக்கு வந்தாள். என் அண்ணன் மகன் ஜோனாஸின் பெண்டாட்டி. ஒஹாயோக்காரி. கல்யாணத்துக்கு அப்புறம்தான் கடலையே கண்ணால் பார்த்தவள்.

"அத்தை, பார்த்தா இருபது வருஷம் போட்ட மாதிரி இருக்கணும். அப்படி ஒரு கம்பளிச் சட்டை குடுங்க."

"இருபது வருஷம் கழிச்சு வா, தரேன்."

அவள் சிரிக்கவில்லை. மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். "இந்தத் தடவையும் உங்க அண்ணி அந்த ஜாக்கெட்டை நீட்டினாங்கன்னா, நான் இனிமே அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். ஜோனாஸ்கிட்ட சொல்லிட்டேன். அவரு மட்டும் போய்க்கட்டும் அவங்கம்மா வீட்டுக்கு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் பிறந்த வீடு அது. பின்கட்டுச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். அதில் பழைய கோட்டு, கிழிந்த கம்பளி, மழைக்கோட்டு எல்லாம் தொங்கும். எதுவும் யாருடையதும் இல்லை. வீட்டு மனுஷர்கள் குளிரடித்தால் கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொள்வோம். விருந்தாளி தொடக் கூடாது. விருந்தாளிக்கென்று ஒரு நீல ஜாக்கெட், துவைத்து மடித்து அலமாரியில் தனியாக இருக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் பிசகினதும் இல்லை.

அண்ணி லூயிசா ஒவ்வொரு அக்டோபரிலும் டார்லாவுக்கு அந்த நீல ஜாக்கெட்டைத்தான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவாள். "போட்டுக்கங்க டார்லா, உங்களுக்குக் குளிரும்." அண்ணி கெட்டவள் இல்லை. மரியாதை ரொம்பத் தெரிந்தவள். வம்பே அங்கேதான். மாமியாரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், கல்யாணமானதிலிருந்து டார்லா அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

சாயம் மங்கலான கடல்நீலத்தில் ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தேன். கொண்டுபோய் உப்புத்தண்ணீரில் அலசி, வேலியில் போட்டு வெயில் காட்டி, முழங்கையைச் செங்கல்லில் தேய்த்திருக்கிறாள். அடி நெட்டி, உன் தொழிலுக்கே உலை வைக்கிறாள் பார், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படகுகளைக் கரையேற்றுகிற சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு எங்கள் குடும்பம் பூராவும் அண்ணி வீட்டில் கூடும். பாய்மரப் படகை இழுவை வண்டியில் ஏற்றி, துடுப்புப் படகைத் தூக்கிக் கவிழ்த்து, பாலும் உருளைக்கிழங்கும் போட்ட சிப்பி சூப்பைக் குடித்தால் வருஷம் முடிந்தது. டார்லா காரைவிட்டு இறங்கினாள். அடேயப்பா, இந்தத் துறையிலேயே பிறந்து வளர்ந்தவள் தோற்றாள்! தேய்ந்த முழங்கை, வெளுத்த கால்சட்டை, ஒரு குறை சொல்ல முடியாது.

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வாங்க டார்லா. நல்ல கனமான கம்பளியாப் போட்டிருக்கீங்க. அப்ப உங்களுக்கு ஒண்ணும் வேண்டியிருக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜாக்கெட்டும் வரவில்லை, ஆணியிலிருந்து எடுத்துக்கொள் என்ற வார்த்தையும் வரவில்லை. எல்லாம் தானே கொண்டுவந்தவளுக்கு யார் என்ன கொடுப்பார்கள்? டார்லா பின்கட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"எடுத்து மாட்டிக்கடி. யாரு கேக்கப் போறா?" என்றேன் மெதுவாக.

"நானா எடுத்தா அது திருட்டு அத்தை. அவங்க சொல்லட்டும்." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சொல்ல மாட்டாங்க. இதோட சரி. சாப்பிட்டதும் கிளம்பறேன், இனிமே வரலை."

மத்தியானம் வடகிழக்குக் காற்று கிளம்பிவிட்டது. பெரிய படகை எப்படியோ ஏற்றிவிட்டார்கள். ஜோனாஸ் துடுப்புப் படகின் கயிற்றை வீசினான். பிடிக்க வேண்டியவன் எங்கள் சித்தப்பா மகன் வெண்டல். அவன் வாயில் பிஸ்கட். கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்தது, படகு பாறையைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

"ஐயோ, போச்சு!" என்று எல்லோரும் கரையில் நின்று நன்றாகக் கத்தினோம். டார்லா கத்தவில்லை. அந்தச் சட்டையோடு, அந்தச் செருப்போடு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்துவிட்டாள். அக்டோபர் தண்ணீர், எலும்பைக் கடிக்கும். பல் கிடுகிடுக்க அவள் படகை இழுத்துக்கொண்டு கரையேறினபோது அடுப்படிக் கதவு படீரென்று திறந்தது. கையில் கரண்டியோடு அண்ணி.

"மூளை இருக்காடி உனக்கு? அந்த ஓட்டைப் படகுக்காகச் செத்துத் தொலையப் போறியா? நின்னுக்கிட்டு என்ன பாக்கற, உள்ள போ! அந்த ஈரத்தைக் கழட்டி எறிஞ்சிட்டு ஆணியில எது தொங்குதோ எடுத்துப் போட்டுக்க!"

அண்ணி அப்படித் திட்டி நான் கேட்டது அவள் பெற்ற பிள்ளையை மட்டும்தான். டார்லா கயிற்றை ஜோனாஸ் கையில் திணித்தாள். அப்புறம் ஓடினாள்.

நாங்கள் சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கையில் வெளியே வந்தாள். உடம்பில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. கடைசி ஆணியில் தொங்குவது. என் அண்ணன் எல்டன் போட்டுக்கொண்டிருந்தது. அவன் இறந்துபோனதிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை, ஜோனாஸ்கூட. கதவுக்குப் பக்கத்தில் இருந்ததை அவள் எடுத்திருக்கிறாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஜோனாஸின் கரண்டி பாதி வழியில் நின்றது. வெண்டல்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

அண்ணி பார்த்தாள். கை விரலுக்குக் கீழே தொங்குகிற அந்த நீள மஞ்சள் கையைப் பார்த்தாள்.

"கையை மடிச்சு விட்டுக்க. சூப்புல தோயும்" என்றாள். அப்புறம், "இடது பாக்கெட் ஓட்டை. சாவி கீவி போட்டுடாத. அவரும் ரெண்டு தரம் தொலைச்சாரு."

சொல்லிவிட்டு டார்லாவின் கிண்ணத்தை நிரப்பினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சூப்பில் மிளகு ஜாஸ்தி என்று வெண்டலிடம் சொல்லி வைத்தேன்.

இருட்டுவதற்கு முன்னால் கிளம்பினார்கள். டார்லா கோட்டைக் கழற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கடைசி ஆணியில் அவளுடைய கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ பிழிந்து, தோளை இழுத்துச் சரிசெய்து, நன்றாக மாட்டியிருந்தார்கள். அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"இது எங்க மாட்டறது?" என்று கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

அண்ணி அடுப்படியிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னாள். "போட்டுக்கிட்டே போ, காத்து அடிக்குது. சட்டை இங்கயே கிடக்கட்டும். நாளைக்கு யாருக்காவது குளிரும்."

டார்லா கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். கார்ச் சாவியை வலது பாக்கெட்டில் போட்டாள். அடுப்படியைப் பார்த்து, "வரேன், அம்மா" என்றாள்.