நாலு சக்கரத்தில் நின்ற பிறகு

வீட்டு வாசலிலிருந்து பெரிய சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று வேகத்தடைகள். மூன்றிலும் அந்தக் கார் முனகியது. துருப்பிடித்த கதவை யாரோ வேண்டுமென்றே மெதுவாகத் திறப்பதுபோல, பின்பக்கத்திலிருந்து ஒரு நீளமான ‘கிர்ர்ரீச்’. தெருவில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு நாய்கூடத் தலையைச் சாய்த்துக் கேட்டது.

அக்காவும் தங்கையும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய கார். அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. தங்கைக்கு அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. ஏற்கெனவே ஒருவர் ஓட்டி விற்ற சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் செடானை இருவரும் சேர்ந்துதான் போய்ப் பார்த்து எடுத்து வந்தார்கள். நாலு கதவு உண்டு, பின்னால் சாமான் வைக்க இடம் உண்டு, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அலுங்காமல் கூட்டிப்போகலாம். அதே கார், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் முதுகைச் சீட்டோடு ஒட்டவைத்துவிடும். முதலில் சொன்னதெல்லாம் அக்காவுக்காக, கடைசியில் சொன்னது தங்கைக்காக. ஒரே வண்டியில் இரண்டு பேருக்கும் வேண்டியது இருந்ததால் வீட்டில் சண்டையில்லை.

தங்கை சும்மா இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். அக்கா சரக்கெடுக்க வெளியூர் போன சமயமாகப் பார்த்து, கூடப் படித்தவனின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனாள். பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்குகளை மாட்டினாள். வண்டி தாழ்ந்து நின்றால் வளைவுகளில் தரையைப் பிடித்துக்கொண்டு போகும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் மறுவாரமே முனகல் தொடங்கிவிட்டது.

“நீ கை வெச்சதுலேர்ந்துதான் இது அழுவுது,” என்றாள் அக்கா.

“அழுவுதாம்! கார் அது அக்கா, கைக்குழந்தை இல்ல. எதுவோ ரப்பர் காஞ்சிருக்கும்.”

“எதுவோன்னா எது?”

தங்கை குனிந்து பின்சக்கரத்தை எட்டிப் பார்த்தாள். அக்கா காத்திருக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை காலைல மருந்துக்கடைக்காரர் வர்றார். என் கடைக்கு வர்றவர்தான். சத்தம் இருக்குன்னு மறைக்காம சொல்லிட்டேன். பரவாயில்ல, ஓட்டிப் பாக்குறேன்னார். புடிச்சிருந்தா குடுத்துடலாம்.”

“என்னைக் கேக்காமலேயா?”

“ஸ்பிரிங்கை என்னைக் கேட்டுட்டா மாத்துன?”

அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள்.

“விடிகாலைல தனியா எடுத்துக்கிட்டு ஏரி ரோட்டுக்குப் போயிடுற. நீ திரும்பி வர்ற வரைக்கும் கேட்டுப் பக்கம் காதை வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். அந்த வளைவுல எதாவது ஒண்ணு புட்டுக்கிட்டா? வண்டி போனா வேற வண்டி வாங்கிக்கலாம்டி...”

மீதியை அவள் சொல்லவில்லை. தங்கைக்கு வண்டி போகப்போகிறது என்பதைவிட, அந்தச் சொல்லாத மீதிதான் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. பொழுது விடிந்தால் கேள்விதான். எந்த ஆயில் ஊற்றலாம்? சாதா பெட்ரோல் போதுமா, உசத்திப் பெட்ரோல்தானா? விரட்டி வந்ததும் இஞ்சினை நிறுத்தலாமா, டர்போ ஆறும்வரை ஓடவிட வேண்டுமா? கம்ப்யூட்டரில் டியூன் ஏற்றினால் வாரண்டி போய்விடுமா? ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வரும், ஒன்பதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ‘டர்போ மாமா’ என்று ஒருவர், ‘ஆயில் அண்ணன்’ என்று ஒருவர், எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை மட்டும் தூக்கிக்காட்டும் ‘ஹாரன் சித்தி’ என்று ஒருவர்.

தங்கை தன் சத்தத்தைப் பதிவு செய்து அதில் போட்டாள்.

“லிங்க் ராடு,” என்றார் டர்போ மாமா.

“ஷாக் அப்சார்பர் போயாச்சு. நாலையும் மாத்தும்மா,” என்றார் ஆயில் அண்ணன்.

“உமக்கென்னய்யா, அடுத்தவ காசு.”

“டயர்ல காத்து எவ்ளோ இருக்கு?”

“பாட்டைச் சத்தமா வைங்க. எனக்கு அதுலதான் சரியாச்சு.”

ஹாரன் சித்தி கட்டைவிரலைக் காட்டினார்.

தங்கை லிங்க் ராடை மாற்றினாள். முனகல் நிற்கவில்லை. ஷாக் அப்சார்பரின் மேல்மூட்டை மாற்றினாள். முனகல், புதுச் சாமான் வந்த மகிழ்ச்சியிலோ என்னவோ, இன்னும் கொஞ்சம் நீண்டது. ரப்பர் இருக்கும் இடமெல்லாம் பட்டறைக்காரன் எதையோ பீய்ச்சி அடித்தான். ஒரு நாள் அமைதி. மறுநாள் பழைய கதை. நண்பர்களுக்குள் அவன் பெயர் ‘புகை’. முதன்முதலில் அவன் பிரித்துப்பூட்டிய மோட்டார் சைக்கிள் தெருவையே மறைத்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர்.

“எல்லாம் சரியாத்தான்டி மாட்டியிருக்கோம்,” என்றான் புகை. “ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வெச்சு, புஸ்தகத்துல போட்டிருக்குற அளவுக்கு நீயே இறுக்குன. அளவு வந்ததும் அது கிளிக்குனு சொன்னதை நானும் கேட்டேனே.”

“அப்ப ஏன்டா கத்துது?”

“பழைய ஸ்பிரிங்கை மாட்டிட்டு உங்கக்கா கால்ல விழு. அது ஒண்ணுதான் நாம இன்னும் செஞ்சு பாக்காதது.”

சனிக்கிழமை மத்தியானம் அவள் அக்காவின் கடைக்குப் போனாள். காலில் விழுவதற்கு அல்ல, இன்னும் ஒரு வாரம் தவணை கேட்பதற்கு. கடை முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள், யாரையும் பார்க்காத நூறு ஜோடிக் கண்களைப்போல. உள்ளே ஓவிய ஆசிரியர் ஒருவர் அக்காவிடம் சலித்துக்கொண்டிருந்தார்.

“நேத்துதாம்மா டைட் பண்ணிக் குடுத்தாங்க. குனிஞ்சா கழண்டு பசங்க ஓவியத்து மேல விழுது. காதுப்பக்கம் வேற அறுக்குது.”

அக்கா கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேற்று கடையைப் பார்த்துக்கொண்டது புதிதாகச் சேர்ந்த பெண். அவள் மேசையில் வைத்தே, காதில் மாட்டும் இரண்டு காம்பையும் அழகாக, ஒன்றுபோல வளைத்திருந்தாள்.

“இது மேசைக்குக் கச்சிதமா இருக்கு சார்,” என்றாள் அக்கா. “நீங்க மேசை இல்லையே. போட்டுக்குங்க. நிமிர்ந்து நில்லுங்க. இப்ப உங்க பாட்டுக்கு நாலடி நடங்க. ம்... அங்கேயே நில்லுங்க.”

ஆசிரியர் நின்றார். கண்ணாடி அவர் மூக்கில் தன் இடத்தைத் தேடி உட்கார்ந்தது. காது தொடங்கும் இடத்தை அக்கா கட்டைவிரல் நகத்தால் காம்பில் குறித்துக்கொண்டாள். கழற்றிச் சூடுகாட்டி, குறித்த இடத்தில் வளைத்து, மறுபடி மாட்டிவிட்டாள்.

“மூக்குல உக்காந்த பிறகுதான் சார் காது எங்க இருக்குன்னு தெரியும். சும்மா கிடக்குறப்ப வளைச்சா, போட்ட நிமிஷத்துலேர்ந்து அது உங்களோட மல்லுக்கு நிக்கும்.”

தங்கை கதவருகிலேயே நின்றுவிட்டாள். கேட்க வந்தது மறந்துபோயிற்று.

ஸ்பிரிங் மாற்றிய அன்றைக்குப் பட்டறையில் கார் மேலே தூக்கப்பட்டிருந்தது. இடுப்பில் தூக்கிய குழந்தையின் கால்கள்போல நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்கின. பின்பக்க ஸ்பிரிங்கை எடுப்பதற்காகச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் போல்ட்டைத் தளர்த்தி, வேலை முடிந்ததும் அவளே இறுக்கினாள். தொங்கிக்கொண்டிருக்கும்போதே. அந்தக் கையின் மூட்டில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. நடுவில் உள்ள இரும்புக் குழலோடும் வெளி வளையத்தோடும் ஒட்டிய ரப்பர். அது உருளாது, முறுக்கிக்கொண்டு திரும்பும். எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ, அதுதான் தன் இயல்பு என்று அது நினைத்துக்கொள்ளும். தொங்கும் நிலையைக் காட்டிப் பூட்டிவிட்டு, பிறகு வண்டியைத் தரையில் இறக்கினால்? ஈரத்துணியைப் பிழிந்த கை பிழிந்தபடியே இருப்பதுபோல, நின்றாலும் ஓடினாலும் அது முறுகியே கிடக்கும்.

லிஃப்ட்டில் கயிறு மாற்றினால், கேபினின் பாரம் முழுக்கக் கயிற்றில் இறங்கிய பிறகுதான் அவள் கயிறுகளின் இழுப்பைச் சரிசெய்வாள். அது அன்றாட வேலை. சொந்தக் காரில் மட்டும் புத்தி புல் மேயப் போயிருந்தது.

“அக்கா, கடையைச் சாத்து.”

“என்னடி, வந்ததும் வராததுமா? பைத்தியமா?”

“சத்தம் எதுன்னு நீதான் கண்டுபிடிச்ச.”

“நானா? எப்ப?”

“இப்பத்தான். வா. நீ பாத்தே ஆகணும்.”

ஆசிரியர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் குனிந்து நிமிர்ந்தார். கண்ணாடி நகரவில்லை.

பட்டறையின் மூலையில் பழைய குழி ஒன்று பலகை மூடிக் கிடந்தது. தூக்கும் மேடை வந்த பிறகு அதை யாரும் சீண்டுவதில்லை. புகை பலகைகளை அகற்றினான். கார் தன் நாலு சக்கரத்திலும் நின்றபடியே குழிக்கு மேலே வந்தது. அக்கா சேலையைச் செருகிக்கொண்டு, ஆயில் வாடையில் முகத்தைச் சுளித்தபடி மற்ற இருவரோடும் படியிறங்கினாள்.

அவள் எந்தக் காரையும் அடியிலிருந்து பார்த்ததில்லை. டார்ச் வெளிச்சம் மேலே படர்ந்ததும் அண்ணாந்தாள். எலும்புகள்போல இரும்புக் கைகள், ஒன்றுக்கொன்று முட்டாமல் குறுக்கும் நெடுக்குமாக; நடுவே நீண்டோடும் குழாய்; கூரையாக அந்தப் பெரிய பாரம். இத்தனையும் தலைக்கு மேலே சத்தமில்லாமல் நின்றது.

“இதுக்கு மேலயா நாம இத்தனை நாளா உக்காந்து கதை பேசிக்கிட்டுப் போனோம்?” என்றாள் மெதுவாக.

“இங்க பாரு,” என்று தங்கை மூட்டைக் காட்டினாள். இரும்பு வளையத்துக்குள் கறுப்பு ரப்பர், அதன் நடுவில் போல்ட். ரப்பரின் ஓரத்தில் மெல்லிய சுருக்கங்கள் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடின. அக்கா, கடைக்கு வருபவர்களின் கண்ணைப் பார்க்கிற பழக்கத்தில், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கிட்டத்தில் போனாள்.

“வலியில இருக்குற கண்ணு மாதிரி இருக்குடி.”

புகை சிரிக்கப்போனான். அவனும் எட்டிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

“கையை எடுத்துக்கோக்கா,” என்று சொல்லிவிட்டுத் தங்கை நீண்ட ஸ்பானரைப் போட்டு முழு பலத்தோடு இழுத்தாள். போல்ட் அசையவில்லை. மறுபடி இழுத்தாள். கொஞ்சம் திரும்பியது. இன்னும் கொஞ்சம்.

‘டக்!’

குழியே அதிர்ந்தது. அக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். எதுவும் உடையவில்லை. ரப்பரின் சுருக்கங்கள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோயின. கறுப்பு வட்டம் வழவழவென்று வட்டமாகவே நின்றது. மறுபக்கத்துப் போல்ட்டையும் தளர்த்தினாள். இன்னொரு ‘டக்’. பிறகு, அவர்கள் கண்ணெதிரே, அந்த முழுக் காரும் நிதானமாக, நாளெல்லாம் நின்ற ஆள் உட்காருவதுபோல, ஒரு விரல்கனம் கீழே இறங்கி அமர்ந்தது.

மூவரும் அண்ணாந்தபடியே நின்றார்கள்.

“மூச்சு விட்டுச்சுடி,” என்றாள் அக்கா. “நான் கேட்டேன்.”

ரப்பர்தான், இரும்புதான், தங்கைக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் ஸ்பானர் பிடித்த கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. அவள் செய்த தப்பை அந்தக் கார் ஒருவரிடமும் சொல்லத் தெரியாமல், ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் அதைத் தூக்கிக்கொண்டு இத்தனை பேரைச் சுமந்திருக்கிறது. அந்தப் போல்ட்டுகளை, வண்டி நின்ற நிலையிலேயே, கிளிக் கேட்கும்வரை இறுக்கினாள். மேலே ஏறி வந்து அக்கா டிக்கியின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, பலங்கொண்டமட்டும் அமுக்கி அமுக்கி விட்டாள். சத்தமே இல்லை.

“உங்கக்காவைக் குரூப்ல சேத்துவிடு,” என்றான் புகை. “டர்போ மாமா பொழப்பு போயிடும்.”

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தது, மருந்துக்கடைக்காரரும் வந்தார். வரச்சொன்னவரை வாசலோடு அனுப்புவது மரியாதையில்லை என்றாள் அக்கா. தங்கை சாவியை நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டு தானே ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் முன்னால், தங்கை பின்னால்.

முதல் வேகத்தடையில் தங்கை காதைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டாள். கார் ஏறியது, இறங்கியது. கேட்டது சக்கரத்தின் மெத்தென்ற ஒலி மட்டும்தான். எதிர்வீட்டு நாய் ஏமாந்துபோய்ப் படுத்துக்கொண்டது.

அக்கா கடைக்குத் திரும்பும் சந்தில் திரும்பவில்லை. நேரே ஏரி ரோட்டைப் பிடித்தாள்.

அக்கா ஓட்டி ஊருக்கு வெளியே போனதே இல்லை. சேர்ந்து கிளம்பினால் ஸ்டியரிங் எப்போதும் தங்கையிடம்தான். அதனால் அக்கா என்றால் கடைவீதி, முதல் கியர், இரண்டாவது கியர் என்றே அவள் நினைத்திருந்தாள். இப்போது முதல் வளைவு வந்தது. அக்கா வளைவைப் பார்க்கவில்லை, அது முடியும் இடத்தைப் பார்த்தாள். பிரேக் முன்னாலேயே, ஒரே தடவை. பிறகு ஸ்டியரிங் திரும்பியது தெரியாமல் திரும்பியது. தாழ்ந்த ஸ்பிரிங்குகள் தரையைக் கவ்விக்கொண்டன. கண்ணாடிபோல் கிடந்த தண்ணீர் ஜன்னலில் வழுக்கிக்கொண்டே போனது. அடுத்த வளைவு, அதற்கடுத்தது. எங்கேயும் ஒரு குலுக்கல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. இதே வளைவுகளில் தான் எத்தனை முறை தடுமாறியிருக்கிறோம் என்று தங்கை எண்ணிப்பார்த்தாள். பின்சீட்டில் அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

“அக்கா... இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?”

“பக்கத்துல உக்காந்து உன்னைப் பாத்துதான். நீ தப்பு பண்ற இடத்தை மட்டும் விட்டுட்டேன்.”

மருந்துக்கடைக்காரர் கைப்பிடியை விட்டுவிட்டுக் கைதட்டினார். வண்டியைத் திருப்பி வாசலில் நிறுத்தியதும் கேட்டார்: “சத்தம் இருக்குன்னீங்களேம்மா?”

“இருந்துச்சு. இப்ப இல்ல.”

“அப்ப எனக்குப் பரம திருப்தி. எப்ப எடுத்துக்கலாம்?”

அக்கா இஞ்சினை அணைத்தாள். சாவியை உருவி ஒரு கணம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். தங்கை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“மன்னிச்சுக்குங்க சார். உங்களை வீணா அலைய வெச்சுட்டேன். வண்டியைக் குடுக்குறதா இல்ல,” என்றாள் அக்கா. அவர் முகம் விழுவதைப் பார்த்து அவளுக்கே சங்கடமாகிவிட்டது. கொஞ்சம் குனிந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“உங்க கண்ணாடி மூக்கை விட்டு இறங்கியிருக்கு பாருங்க. நாளைக்குக் கடைக்கு வாங்க. போட்டுக்கிட்டே வாங்க, கையில எடுத்துட்டு வராதீங்க.”