தலை போன எரிமலை

கல்லக்காவின் சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி. செம்பு தேடும் அந்த முகாமில் இருபத்திரண்டு பேருக்கும் அவள் கல்லக்காதான். எந்தக் கல் கிடைத்தாலும் நக்கி ஈரமாக்கி, பூதக்கண்ணாடியில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். சொன்ன தீர்ப்பை மாற்றிய சரித்திரமே கிடையாது.

அந்தத் தீர்ப்புதான் இப்போது எல்லோர் வேலைக்கும் உலை வைத்தது. "இன்னும் ஆழம்" என்றாள், துளைத்தார்கள். செம்பைக் காணோம். மறுபடி "இன்னும் ஆழம்". மறுபடி வெறும் பாறை. "துளை கோணிப் போயிருக்கு, உங்க கை சரியில்ல" என்று துளை இயந்திரம் ஓட்டும் அண்ணன்மேல் பாய்ந்தாள். அவர் இயந்திரத்தைத் துடைக்கப் போய்விட்டார். இன்று காலை மேலாளர் போனில் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே ஒரு துளை. அதுவும் காலி என்றால் முகாமை மூடிவிட்டு அவரவர் வீட்டைப் பார்த்துப் போகலாம்.

கல்லக்கா கொட்டகைக்கு ஓடினாள். முதல் துளையிலிருந்து எடுத்த உருளைக் கற்கள் ஆழ வரிசைப்படி பெட்டிகளில் கிடந்தன. முதலில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. அதற்குக் கீழே, பூமி பிளந்து நகர்ந்தபோது நசுங்கி மாவான பாறை. அதற்கும் கீழே கடைசிப் பெட்டி. அதுவும் எரிமலைப் பாறைதான், ஆனால் அதில்தான் வெள்ளை நரம்புகள் ஓடின. எரிமலையின் அடியிலிருந்து கொதிநீர் செம்பைச் சுமந்துகொண்டு ஏறிய தடங்கள் அவை. மேல்முனையில் ஒன்றிரண்டு, கீழ்முனையில் பின்னல் பின்னலாக. அதைப் பார்த்துத்தானே ஆழம் போகச் சொன்னாள்!

பெட்டியிலிருந்த கற்களை வரிசையாக நக்கிக்கொண்டே போனாள். ஈரத்தில் குமிழித் துளைகள் தெரிந்தன. எல்லாம் கீழ்முனையில் போய்க் கூடியிருந்தன. கொதிக்கிற எதிலும் நுரை மேலே அல்லவா நிற்கும்? எரிமலைக் குழம்புக்கு மட்டும் தனிச் சட்டமா?

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போன மாதம் மேலாளர் வந்தபோது, பெருமையடிக்க இந்தப் பெட்டியைக் காலிசெய்து மேசையில் பரப்பியது அவள். திரும்ப அடுக்கியதும் அவளேதான்.

பெட்டியை நேராக்கிப் பார்த்தால் நரம்புகள் மேலேதான் அடர்த்தி. அப்படியென்றால் செம்பு சேர்ந்திருந்த தலைப்பகுதியை நிலப்பிளவு சீவி எடுத்துக்கொண்டு நழுவியிருக்கிறது. நசுங்கிய பாறையிலிருந்த கீறல்கள், அது நழுவிய திசையாக, முகாமுக்குக் கீழே ஓடும் ஆற்றுப்பக்கம் கைகாட்டின. இவர்கள் இத்தனை நாளும் வெறும் முண்டத்தைக் குடைந்திருக்கிறார்கள்.

புது யோசனை என்று பூசி மெழுகிவிடலாம்தான். ஆனால் அண்ணனைத் திட்டியது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. நேராக அவரிடம் போனாள்.

"அண்ணே, தப்பு என்னோடது. கடைசிப் பெட்டிய நான்தான் தலைகீழா அடுக்கிட்டேன். செம்பு கிடைக்காத கோபத்த உங்க மேல காட்டிட்டேன்."

"தெரியும் கல்லக்கா. நீங்க அடுக்குறப்ப பக்கத்துலதானே நின்னேன்."

"பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். 'கல்லப் பத்தி எனக்கே பாடமா'ன்னு கேட்டீங்க."

கல்லக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே இயந்திரத்தை ஆற்றுப்பக்கம் நகர்த்தினார்கள். ஐந்தாம் நாள் வந்த கல்லில் செம்புத்தாது மஞ்சளாகப் பளபளத்தது. முகாமே கூச்சல் போட்டது.

மேலாளர் போனில் துள்ளிக் குதித்தார். "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

கல்லக்கா போனை அண்ணன் கையில் கொடுத்தாள். "நடந்தத நடந்தபடி சொல்லுங்கண்ணே. நான் குறுக்க பேசமாட்டேன்."