வென்டோசாப் பண்ணையின் முன்னாள் முதலாளிகள்

பண்ணையை விற்பதற்கு முன்பு பெலிசாரியோ ஐயா கடுமையாக இருமிக்கொண்டிருந்தார். விலை பேச வந்த பெல்ஜியத்துப் பல் டாக்டர் லீவன் எதிரே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த இருமல் ஓயவே இல்லை. கொலாரிஷ் கடற்கரையில் ஐயாவின் குடும்பம் முந்நூறு வருஷமாக வைத்திருந்த பண்ணை அது. மணலில் படர்ந்து கிடக்கும் திராட்சை, நடுநடுவே குட்டை ஆப்பிள் மரங்கள், பாறை விளிம்பில் ஒரு பெரிய வீடு, அதற்கப்பால் அட்லாண்டிக். ஐயாவுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. விற்பதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். மேற்கு மூலை அறை தன் ஆயுள் உள்ளவரை தனக்கு வேண்டும்; மூன்று வேளைச் சாப்பாடும் வேண்டும்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்த வீட்டின் சமையல்காரி. கிழவர் இன்னும் எத்தனை நாள் தாங்குவார் என்பதுதான் அவர் கண்ணில் இருந்த கேள்வி. ஐயா மறுபடியும் இருமினார். டாக்டர் சம்மதித்துவிட்டார்.

பத்திரம் பதிந்த மறுநாள் காலை இருமல் நின்றுபோனது. ஐயா இரண்டு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"ஐயா, இருமல் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அது முதலாளிக்கு வர்ற இருமல், பிலோமினா. இப்ப நான் முதலாளி இல்லையே."

உண்மையில் அவர் பொய் சொல்லவில்லை. முந்நூறு வருஷக் கவலை ஒரே கையெழுத்தில் அவர் தோளை விட்டு இறங்கியிருந்தது. நடை நிமிர்ந்தது, கன்னத்தில் சதை போட்டது. மழை வந்தால் ஓட்டுக்கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஓடுவதில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மழைச் சத்தத்தை ரசித்தார்.

ஓடியது டாக்டர்தான். எங்கள் கரையில் காற்றுக்கு இரக்கம் கிடையாது. கடலிலிருந்து உப்பை வாரிக்கொண்டு வந்து திராட்சை இலையைக் கருக்கிவிடும். அதைத் தடுக்கத் தோட்டம் முழுக்க நாணல் தட்டிகளை வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறோம். ஒரு தட்டி சாய்ந்தால் அதன் பின்னால் இருக்கும் கொடிகள் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். டாக்டர் சுத்தியலும் கயிறுமாகத் தட்டி தட்டியாக ஓடுவார். ஐயா ஜன்னலைத் திறந்து தலையை மட்டும் நீட்டுவார்.

"டாக்டர், கடைசித் தட்டி சாயுது பாருங்க."

"பார்த்துக்கிட்டு இருக்கீங்கல்ல, வந்து ஒரு கை பிடிக்கக் கூடாதா?"

"நானா? நான் முன்னாள் முதலாளி," என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

இப்படிச் சில வருஷம் போயிற்று. டாக்டர் இளைத்தார், தலை நரைத்தது. தோட்டத்தின் மேல் அவருக்கு உயிர். ஆனால் அதைவிட, மேற்கு அறையிலிருந்து வரும் குறட்டைச் சத்தத்தின் மேல் அவருக்குப் பொறாமை. ஒரு நாள் சமையலறைக்கு வந்து மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பிலோமினா, இந்த வீட்டுலயே சந்தோஷமா இருக்கறது யாரு?"

"பெலிசாரியோ ஐயாதான்."

"அவர் என்ன செஞ்சார்?"

"வித்தார்."

டாக்டரும் விற்றார். வாங்கியவள் போர்த்தோ நகரத்துக்காரி கிராசா. மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை நடத்தி, அதைக் கைமாற்றிவிட்டு வந்தவள். பண்ணை வீட்டை ஹோட்டலாக்க வேண்டும் என்பது அவள் திட்டம். டாக்டரும் அதே நிபந்தனையைத்தான் வைத்தார்: கிழக்கு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஆயுள் வரைக்கும்.

கிராசா ஏமாளி இல்லை. "இந்த வீட்டுல இப்படி ஒட்டிக்கிட்டு எத்தனை பேருய்யா இருக்கீங்க?" என்று நேராகவே கேட்டாள்.

"இப்போதைக்கு ரெண்டு பேர்தான்மா," என்றார் ஐயா.

வீட்டில் ஏராளமான அறைகள் இருந்தன. இரண்டு கிழவர்கள் என்ன பெரிய பாரம் என்று அவள் வாங்கிவிட்டாள். அதன் பிறகுதான் நகராட்சி அதிகாரி வந்து, பழமையான திராட்சைப் பண்ணையில் ஹோட்டல் நடத்த அனுமதி இல்லை என்றார்.

"பண்ணை முதலாளிங்க தங்கலாம். முன்னாடி முதலாளியா இருந்தவங்க, பத்திரத்துல உரிமை இருந்தா, அவங்களும் தங்கலாம். காசு வாங்கிட்டு விருந்தாளிங்கள மட்டும் தங்க வைக்கக் கூடாது."

"முதலாளிங்க காசு குடுப்பாங்களா சார்?" என்று கேட்டாள் கிராசா.

"அது எனக்குத் தெரியாதும்மா," என்று அவர் போய்விட்டார்.

கிராசாவுக்கு ஹோட்டல் போயிற்று, தட்டிகள் மட்டும் மிஞ்சின. கூரை, கிணறு, பூஞ்சை நோய், மதுப் பீப்பாய் ஏற்றும் வண்டி, எல்லாம் அவள் தலையில். அவள் ஏணியில் நின்று ஓடு மாற்றும்போது கீழே இரண்டு முன்னாள் முதலாளிகளும் டோமினோ ஆடிக்கொண்டே யோசனை சொல்வார்கள். என் காலத்தில் ஓடு வேறு மாதிரி அடுக்கினோம் என்பார் ஐயா. என் காலத்தில் ஏணி நன்றாக இருந்தது என்பார் டாக்டர். வேறு வழியில்லாமல் அவளும் விற்கத் தீர்மானித்தாள்.

பார்க்க வந்தவர் ஆக்சல். டென்மார்க்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்த அன்று சரியான காற்று. மதியம் கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பை நான் அவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தபோது, கிராசா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கூரைமேல் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஐயாவும் டாக்டரும் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டபடி, அவள் எந்தப் பக்கம் சறுக்குவாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நீதிபதி மெதுவாக என்னைக் கேட்டார்: "இவங்க ரெண்டு பேரும் யாரும்மா?"

"முன்னாள் முதலாளிங்க."

"இவங்களுக்கு இங்க என்ன வேலை?"

"குறை சொல்றதுதான்."

அவர் சூப்பை முடித்துவிட்டுக் காத்திருந்தார். கிராசா இறங்கி வந்ததும் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்: "மேடம், பண்ணை எனக்கு வேணாம். ஆனா முன்னாள் முதலாளியா இருக்க ரொம்ப ஆசையா இருக்கு. அதுக்கு என்ன வழி?"

கிராசா தலையில் ஒட்டியிருந்த பாசியைக்கூடத் தட்டவில்லை. அப்படியே நின்றாள். மீன் டப்பா விற்ற மூளை அது. எவ்வளவு வேகமாக ஓடியது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"காலைல வாங்குங்க," என்றாள். "சாயங்காலம் எனக்கே கொஞ்சம் குறைச்சு வித்துடுங்க. தெற்கு அறை காலியா இருக்கு."

அப்படியே நடந்தது. பக்கத்து ஊர் சிந்த்ராவில், பத்திரம் பதியும் நோட்டரி முன்பு காலையில் பண்ணை நீதிபதிக்குப் போயிற்று. மாலை வரை அவர்தான் எங்கள் முதலாளி. அந்த மனிதர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெற்றியில் கோடு விழுந்தது. ஓர் ஓடு விழுந்து உடைந்ததும் முகம் வெளிறிப்போய் என்னிடம் ஓடி வந்தார். நோட்டரி அம்மாள் மதியச் சாப்பாட்டுக்குப் போனவள் திரும்பி வரத் தாமதமானது. அந்தத் தாமதத்தில் மனிதருக்கு லேசாக இருமலே வந்துவிட்டது. மாலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் தெற்கு அறையில் படுத்துக் குழந்தைபோலத் தூங்கினார்.

அவர் நண்பர்களுக்குச் சொன்னார். ஆஸ்லோவிலிருந்து ஒரு விதவை வந்தாள், ஒரு நாள் முதலாளியாக இருந்தாள், வடக்கு அறையை எடுத்துக்கொண்டாள். ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த இரட்டையர்கள் பண்ணையைக் காலையில் ஒருவரும் மதியம் ஒருவருமாக வைத்திருந்தார்கள். வசந்தம் வருவதற்குள் வீடு நிரம்பிவிட்டது. நகராட்சி அதிகாரி மறுபடியும் வந்தார்.

"என்னம்மா இது, வருஷத்துக்கு இத்தனை தடவை கை மாறுது?"

"காத்து அதிகம் சார்," என்றாள் கிராசா. "எதுவும் ஒரு கையில நிக்க மாட்டேங்குது."

எல்லோரும் பத்திரப்படி முன்னாள் முதலாளிகள். அதிகாரி தொப்பியை மாட்டிக்கொண்டார்; பாவம், கதவருகே நின்று அறை ஏதாவது காலியிருக்கிறதா என்று என்னிடம் விசாரித்துவிட்டுத்தான் போனார்.

ஒரு நாள் உப்பிட்ட காட் மீனும் உருளைக்கிழங்கும் செய்திருந்தேன். நீண்ட மேஜையில் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்லோக்காரி தன் காலத்தில் மீனில் எண்ணெய் தாராளமாக இருந்தது என்றாள். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என் காலத்துல இந்தத் தோட்டத்துக்கு ஒரு கௌரவம் இருந்துச்சு," என்றார்.

பெலிசாரியோ ஐயா கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்க காலமா?" என்றார். "உங்க காலத்துல முட்டையிட உக்காந்த கோழி எந்திரிச்சிருக்காதே ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. அதுவரை வீட்டில் முன்னாள் முதலாளி என்றால் அவர்தான். டாக்டர்கூட அவருக்கு அடுத்த படிதான். இப்போது முந்நூறு வருஷத்தையும் ஒரு பகலையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து ஒரே மீனைப் பரிமாறினோம். அன்று அவர் டோமினோ ஆடவில்லை. தோட்டத்துக்குள் போய், மணலில் கிடந்த கொடிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். விற்ற பிறகு அவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

கோடை முடியும் சமயத்தில் அவர் கிராசாவிடம் போனார்.

"பண்ணைய எனக்கே குடுத்துடும்மா."

"காலைலயா, மதியமா?" என்றாள் அவள், பழக்க தோஷத்தில்.

"ஒரேயடியா. டாக்டர் குடுத்த பணம் அப்படியே கிடக்கு. சாப்பாடு சும்மா கிடைக்கறவனுக்கு என்ன செலவு?"

கிராசா தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "வேணாம் ஐயா. உங்களுக்கு வயசாயிடுச்சு. மறுபடியும் அந்த இருமல் வந்துடும்."

"வரட்டும். எனக்கு அது இல்லாம ஒரு மாதிரியா இருக்கு."

அவள் அழுதாள். தூக்கமில்லாத அத்தனை நாளும் சேர்ந்து வந்த அழுகை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்ல விலையாகவே பேசினாள்.

இதில் ஒரு சிக்கலை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. அறைகள் எல்லாம் முன்னாள் முதலாளிகளுக்கு. ஐயா மறுபடியும் முதலாளியாகிவிட்டதால் அவர் முன்னாள் இல்லை. தன் அறையையும் ஒரு முன்னாள் முதலாளிக்குக் கொடுத்துவிட்டிருந்த கிராசாவுக்கு மேற்கு அறை போயிற்று. அந்தப் பண்ணையின் சொந்தக்காரருக்கு அந்த வீட்டில் படுக்க இடம் இல்லை. திராட்சை பிழியும் கொட்டகையில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். நான் தலையணை கொண்டுபோய்க் கொடுத்தபோது, "பிலோமினா, இங்கருந்து தட்டி சாயற சத்தம் நல்லாக் கேக்குது," என்று பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு இருமினார்.

அறுவடைக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது தென்மேற்கிலிருந்து புயல்காற்று வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். முதல் வரிசைத் தட்டி முறிந்து விழுந்ததை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தோம். இரண்டாவது வரிசையை ஐயா முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றார். எண்பதைத் தாண்டிய உடம்பு. சட்டை காற்றில் உப்பி, அவரே ஒரு பாய்மரம்போல இருந்தார்.

"தட்டி சாயுது," என்றார் டாக்டர் லீவன், மெதுவாக. கையில் டோமினோக் கட்டை. பதில் சொல்ல எதிரில் ஆள் இல்லை. "சாயுதுய்யா," என்றார் மறுபடியும். பிறகு தன் ஊர் மொழியில் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு கட்டையை எறிந்துவிட்டு வெளியே ஓடினார்.

நீதிபதி நாப்கினை மடித்து வைத்தார். "சட்டப்படி நமக்கு எந்தக் கடமையும் கிடையாது," என்று மேஜைக்குத் தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் எழுந்து போனார். அவர் பின்னால் ஆஸ்லோக்காரி, இரட்டையர்கள், மற்றவர்கள். கிராசாவை நான்தான் போய் எழுப்பினேன். பண்ணை கைவிட்டுப் போனதிலிருந்து அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் முன்னாள்," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"எல்லாரும் அதுதாம்மா. எல்லாரும் வெளியதான் நிக்கறாங்க."

அவள் கட்டிலடியிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

தட்டிகளின் அடியில் அவர்கள் மணலில் வரிசையாக உட்கார்ந்து முதுகால் முட்டுக்கொடுத்தார்கள். காலைப் பரப்பி, கண்ணை இறுக்க மூடி, வாய் நிறைய மணலோடு. கொடிகள் அவர்கள் முழங்காலுக்குக் கீழே பத்திரமாகக் கிடந்தன. கிராசா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசை முழுக்க ஓடி ஓடிக் கட்டினாள். ஐயா ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று, தோளை இப்படி வை, இடுப்பை அப்படி வை என்று அதட்டினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

பொழுது சாயும் சமயம் காற்று தணிந்தது. ஆனால் கம்பங்களை மறுபடியும் ஊன்றி முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது என்று ஐயா சொல்லிவிட்டார். எழுந்தால் தட்டி விழும். ஆகவே நான் சூப்புப் பானையைத் தோட்டத்துக்கே தூக்கிக்கொண்டு போனேன். கையை எடுக்க முடியாதவர்களுக்குக் கரண்டியால் ஊட்டினேன். ருசியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நீதிபதியின் புருவத்தில் உப்பு படிந்திருந்தது. இரண்டு வாய் விழுங்கிவிட்டு அவர் ஐயாவை நிமிர்ந்து பார்த்தார்.

"வருஷா வருஷம் இப்படித்தானா?"

"சேச்சே," என்றார் பெலிசாரியோ ஐயா. "சில வருஷம் கூடவே மழையும் வரும்."