நான்காம் நம்பர் டாஸ்

திங்கள்

முதலாளி அரங்கநாதன் இன்று என்னை அழைத்து, கம்ப்யூட்டருக்குப் புது டாஸ் போடலாமா என்று கேட்டார். டாஸ் என்பது மெஷினை எழுப்பி வேலைக்கு உட்கார வைக்கும் அடிப்படை புரோகிராம். அரியலூரில் எங்கள் முந்திரிக் கம்பெனியில் ஓடுவது மூன்றாம் நம்பர். நான்காம் நம்பர் வந்துவிட்டதாம். ஜெயங்கொண்டத்துப் போட்டிக் கம்பெனியில் போட்டும் விட்டார்களாம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு குழந்தைவேலு. புதுசப் போட்டு ஓட்டிட்டீன்னா ஒன்னைய பர்மனென்ட் ஆக்கிடறேன்."

தற்காலிக குமாஸ்தாவிடம் இப்படிச் சொன்னால் அவன் எப்படி நடுநிலையாக யோசிப்பான்? வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று வேப்பந்தட்டை மாமா வேறு சொல்லியிருக்கிறார். இருந்தாலும் முறைப்படி இந்த டைரிப் பக்கத்தின் நடுவே கோடு கிழித்தேன். வேண்டாம் பக்கம்: இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, சரக்கு இருப்பு புரோகிராம் புதிதில் ஓடுமா தெரியாது, கெட்டால் சரிசெய்ய ஆள் இல்லை. போடலாம் பக்கம் ஒரே வரி: ஜெயங்கொண்டத்தில் போட்டுவிட்டார்கள். அந்த வரிதான் கனமாக இருந்தது.

மாலை கம்ப்யூட்டர் வகுப்பில் சாரைக் கேட்டேன். மிக அவசியம் என்றார். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்றேன். அவசியமானதையெல்லாம் பார்த்திருக்க வேண்டியதில்லை என்றார். கேட்டதே தவறோ என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வியாழன்

ஆபீசில் இரண்டு கட்சி. புதிது வந்தால் ஆட்களைக் குறைத்துவிடுவார்கள் என்று கேஷியர் பெரியசாமி அண்ணன். புதிது வந்தால் கம்ப்யூட்டர் அறையின் ஏசி நன்றாகக் குளிரும் என்று டைப்பிஸ்ட் மலர்கொடி அக்கா. இரண்டுக்கும் டாஸுக்கும் சம்பந்தமில்லை என்றேன். டெம்பரவரிக்கு என்ன தெரியும் என்று இரு கட்சியும் அதில் மட்டும் ஒன்றுசேர்ந்தன.

கடைசியில் முதலாளி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தால் புதுசு, சிவப்பு வந்தால் பழசு. சிவப்பு வந்தது. பொட்டலத்தைச் சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. தெய்வ உத்தரவு என்று அதை வாங்க உடனே திருச்சிக்கு ஆள் போனது.

ஆயுத பூஜை

புது டாஸ் பதிந்த பிளாப்பி வந்துவிட்டது. சதுரமான கறுப்புத் தகடு. ஒரு பக்கம் முட்டை வடிவத்தில் சிறு திறப்பு. அதற்குள் தெரியும் படலத்தில் விரல்கூடப் படக் கூடாது என்பது வகுப்பில் முதல் பாடம்.

பூஜையில் தராசு, டைப்ரைட்டர், முதலாளியின் புல்லட் எல்லாவற்றுக்கும் பெரியசாமி அண்ணன் சந்தனம் குங்குமம் வைத்தார். நான் வாழைப்பழத் தட்டை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினால், பிளாப்பிக்கும் வைத்திருந்தார். சரியாக அந்தத் திறப்பில். தகட்டில் நெற்றி மாதிரி இருந்தது அந்த இடம்தானாம்.

முதலாளியிடம் சொல்லப் போனேன். மணி அடித்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். "போடுறா சுவிட்ச" என்றார். பிளாப்பியைச் செருகாமல் சுவிட்சை மட்டும் போட்டேன். மெஷின் வழக்கம்போலத் தன் பழைய டாஸில் எழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது என்றார் முதலாளி. ஏசி குளிர்கிறது என்றார் அக்கா. இவ்வளவு வேகமாக ஓடினால் ஆளைக் குறைக்காமல் விடுவார்களா என்று அண்ணன் முகம் வாடினார். ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது, ஒருவேளை ஏறிவிட்டதோ என்று.

கூட்டம் கலைந்ததும் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. எப்போதும் சந்தேகப்படுகிறவன் என்றார். பதிப்பைக் கேட்கும் கட்டளையைத் தட்டினேன். திரையில் மூன்று என்று வந்தது. முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்த மூணு யாருக்குத் தெரியும்?"

"இப்புடித் தட்டிப் பாத்தா யாருக்கும் தெரியுங்க."

"யாரு தட்டுவா?"

"நாந்தாங்க."

"அப்ப நீ தட்டாத."

புதுசு போட்டாயிற்று என்று ஜெயங்கொண்டத்துக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டதாம். வேறு பிளாப்பி வாங்கலாமா என்றேன். ஓடுகிற வண்டியை எதற்கு நோண்டுகிறாய் என்றார். தயங்கித் தயங்கி என் விஷயத்தைக் கேட்டேன்.

"புதுசு போட்டா பர்மனென்ட்டுன்னேன். போடலன்னு நீதானப்பா சொல்ற? நான் வாக்கு தவற மாட்டேன்."

நியாயம்தான்.

வெளியே வந்தால் அண்ணனும் அக்காவும் வழி மறித்தார்கள். முதலாளி சொன்ன வாக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"பர்மனென்ட் ஆனவரே, சும்மா போகப் பாக்குறீங்களே" என்றார் அக்கா. முதல்முறையாக என்னை 'ங்க' போட்டுப் பேசினார். தட்டாதே என்ற உத்தரவில் சொல்லாதே என்பதும் அடக்கமா என்று யோசித்துக்கொண்டே எல்லோருக்கும் டீயும் வடையும் சொன்னேன்.