அறுபத்துமூன்று இடங்கள்

ஆராதனை முடிந்து நடந்த கூட்டத்துக்கு வந்தவர்கள் நால்வர். முன் பெஞ்சில் போதகர், அவருக்கு இடப்பக்கம் சபைக் கமிட்டியில் இருக்கும் தையற்காரர். எதிரே இழுத்துப் போட்ட நாற்காலியில், சபையின் ஆரோக்கியத்தை மதிப்பிடத் தலைமை அலுவலகம் அனுப்பிய அதிகாரி. மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில், பதினெட்டு வருடமாக அந்த இடத்தைவிட்டு நகராத செயலாளர் அக்கா. மடியில் வருகைப் பதிவேடு.

ஐம்பது பேருக்குக் குறைந்தால் சபையை அடுத்த பெரிய சபையோடு சேர்த்துவிடுவார்கள், போதகருக்கும் மாறுதல். அக்காவுக்கு அந்தக் கவலையே இல்லை. தலைமை அலுவலகப் படிவத்தின் முதல் கட்டத்தில், வந்தவர்கள் அறுபத்துமூன்று என்று முத்துமுத்தாக எழுதியிருந்தார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "நான் ரெண்டு தடவை எண்ணிட்டேம்மா. நாப்பத்தொண்ணுதான் வருது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "மூணாவது தடவை எண்ணியிருக்கணும் சார். அறுபத்துமூணு இடமும் நிறைஞ்சிருந்துச்சே."

"இடம் சரி. ஆள்?"

"ஆள் இல்லாத இடத்துலதான் புத்தகம் இருந்துச்சே!"

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதகர்தான் விளக்கினார். யாராவது நோய் நொடியென்று வராவிட்டால், பக்கத்து இடத்துக்காரர் வராதவருடைய பாட்டுப் புத்தகத்தை அவர் இடத்தில் வைப்பார். அதன்மேல் யாரும் உட்கார மாட்டார்கள். அக்கா எண்ணும்போது புத்தகமும் ஒரு ஆள். அவருக்கு முன்பிருந்த செயலாளரும் அப்படித்தான் எண்ணினார். அதில் தப்பு உண்டென்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

தையற்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏன்க்கா, புத்தகம் பாடுமா?"

"உங்களைவிட நல்லாவே பாடும் தம்பி. சும்மா இருங்க."

வாய் அப்படிச் சொன்னாலும் அக்காவின் கை பதிவேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பதினெட்டு வருடக் கணக்கும் பொய்யாகிவிட்டதே.

"உள்ளதை எழுதிடுங்கக்கா," என்றார் போதகர். "நான் பெட்டியைக் கட்டிக்கிறேன்."

"எந்தப் பெட்டியை ஐயா?" என்றார் தையற்காரர். "அது ஜிப் மாத்த என் கடைக்கு வந்து ஆறு மாசமாச்சு. இப்போதைக்கு ஆகுற மாதிரி தெரியல."

அந்த நேரம் பார்த்து, வராத வாத்தியாருக்குப் பக்கத்து இடத்துக்காரியான நர்ஸ் வேகமாக உள்ளே வந்தாள். "அக்கா, வாத்தியார் மாமா புத்தகத்தை எடுத்துக்கிறேன். அவருக்குப் புண்ணுக்குக் கட்டு மாத்தணும், இன்னிக்குப் பாட்டையும் பாடிக் காட்டணும்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். பெஞ்சுகளில் இருந்த மற்ற இருபத்தொரு புத்தகங்களையும் காணவில்லை.

"அதெல்லாம் எங்கே?"

"அவங்கவங்க வீட்டுக்குப் போயிருக்கும் சார்," என்றார் அக்கா. " பக்கத்து இடத்துக்காரங்க கொண்டுபோய்க் கொடுத்து, கொஞ்ச நேரம் பேசிட்டு வருவாங்க. அடுத்த வாரம் புத்தகமாவது ஆளாவது திரும்பி வந்துடும்."

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "'வராதவர்களைத் தேடிச் சென்ற வீடுகள்'. இந்தக் கட்டத்தை ஏன் காலியா விட்டீங்க?"

"அதைப் போய் எண்ணுவாங்களா சார்? போறதுதானே!"

அதிகாரி பேனாவை நீட்டினார். "எண்ணுங்கம்மா. மத்த சபைகள்ல இந்தக் கட்டத்துல நான் பார்த்த பெரிய எண்ணே மூணுதான். இதைக் காரணமாக் காட்டி ஒரு வருஷம் அவகாசம் கேளுங்க, நானும் சிபாரிசு பண்றேன். ஆனா முதல் கட்டத்துல புத்தகம் வரக்கூடாது."

அக்கா அறுபத்துமூன்றை அடித்தார். அவர் படிவத்தில் விழுந்த முதல் அடித்தல் அது. நாற்பத்தொன்று என்று எழுதினார். காலிக் கட்டத்தில், இந்த வாரம் இருபத்திரண்டு. தனித்தாளில் இருபத்திரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே புத்தகம் கொண்டுபோனவர் பெயர், கீழே அவகாசம் கேட்டு நான்கு வரி.

செயலாளரின் கடிதம் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில்தான் போகவேண்டும் என்பது விதி. எல்லாவற்றையும் உறையில் போட்டு, அதன் ஓரத்தில் பசை தடவி, பதிவேட்டால் அழுத்தி ஒட்டினார். வாசலில் காத்திருந்த நர்ஸின் கையில், புத்தகத்தின்மேல் வைத்தார்.

"போற வழியிலதானே தபால் பெட்டி? உள்ளே விழுற சத்தம் கேட்ட பிறகு நகரும்மா."