சவுண்டைக் கொறச்சது யாரு?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வயிற்றெரிச்சலில் இருந்து வந்தது. மனித உறவுகளின் நுட்பம், தனிமையின் ஆழம் என்றெல்லாம் புத்தகத்தின் பின்னட்டையில் போடுவார்கள், நம்பிவிடாதீர்கள். கலப்படமில்லாத வயிற்றெரிச்சல்.

விஷயம் ரொம்பச் சின்னது. நண்பர்கள் கூடிச் சீட்டாடும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குப் பின்னணியில் என்ன பாட்டு போடுவது? அவ்வளவுதான். இதற்கெல்லாமா ஒரு கதை என்று கேட்பீர்கள். இதற்குத்தான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவன் கைபேசியில் பாட்டுகளைத் தள்ளிக்கொண்டே, ஜன்னலோரம் —"

மழை பெய்யவே இல்லை. [எனக்கு வேலை பாடப்புத்தகம் அச்சடிக்கும் ஆபீசில் பிழை திருத்துவது. பகலெல்லாம் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஊரார் விட்ட ஒற்றெழுத்தைத் தேடுகிறவள், சொந்தக் கதையில் பெய்யாத மழையை விட்டுவைக்க முடியுமா? அடித்தாயிற்று.] அப்புறம் அந்த "அவன்". அது நான்தான். யாருக்கும் அடையாளம் தெரிய வேண்டாமே என்று மீசை ஒட்டிப் பார்த்தேன். இரண்டாவது பத்தியில் அவன் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான். ஆளை அனுப்பிவிட்டேன்.

அடுத்தது:

"அவளுக்கு இருந்ததே மூன்று நண்பர்கள். அதில் ஒருவர் புருஷன்."

இது தேவலை. இதை வைத்துக்கொண்டே போவோம்.

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்றே பேர், குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை.

புருஷனை நான் 'வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வேன். போன வருஷம் பிரிந்துவிட்டோம். அடிதடி இல்லை, அழுகை இல்லை, பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நான் வாடகை அறைக்கு வந்துவிட்டேன். இப்போதும் அவர் வீட்டுக்காரர்தான். முன்னே மரியாதைக்குச் சொன்னேன், இப்போது வீடு அவரிடம் இருப்பதால் சொல்கிறேன். நல்ல மொழி, ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியதில்லை.

இரண்டாவது பல்லு. பல் டாக்டர் என்பதால் பல்லு. காலேஜ் ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில். என் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவள், பிறகு தன் கையாலேயே என் கடவாய்ப்பல்லைப் பிடுங்கினாள். இந்தக் கதையின் முதல் வடிவத்தில் அவளை ஆடிட்டராக மாற்றியிருந்தேன். சரிப்படவில்லை. ஆடிட்டர் "வாயைத் தொற, வலிக்காது" என்று சொல்ல மாட்டார். பல்லு அப்படித்தான் சொல்வாள். வலிக்கும்.

மூன்றாவது அவள் கணவர் டைல்ஸ். தரைக்குப் போடும் டைல்ஸ் விற்கிற கடை வைத்திருக்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் காலால் தரையைத் தட்டிப் பார்ப்பார். நல்ல மனுஷன், குரல்தான் எட்டூருக்குக் கேட்கும்.

[இந்த இடத்தில் இன்னொரு பெண் வருவாள் என்று நீங்கள் காத்திருப்பது தெரிகிறது. வரமாட்டாள். வந்திருந்தால் எனக்குத்தான் வசதி, ஒரே ஆளின் மேல் மொத்தப் பழியையும் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.]

4

பிரிவதற்கு முன்னால் நாலு பேரும் சனிக்கிழமைதோறும் எங்கள் ஹாலில் கழுதை ஆடுவோம். கடைசிவரை கையில் சீட்டு மிஞ்சுகிறவர் கழுதை, குழந்தைகள் ஆடுகிற அதே ஆட்டம்தான். அறிவாளி ஆட்டங்களையும் முயன்றோம். டைல்ஸ் விதிமுறைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார். கழுதைக்கே திரும்பிவிட்டோம்.

பாட்டு என் பொறுப்பு. ஸ்பீக்கரை இணைப்பது பல்லுவின் பொறுப்பு. ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர், "புளூடூத்தா? அது உன் டிபார்ட்மென்ட்மா" என்று அவளைப் பார்த்துச் சொல்வார். அந்த வீட்டில் இருந்த ஒரே ஜோக் அது. வாரா வாரம் சிரித்தோம்.

சீட்டாட்டத்துக்குப் பாட்டு எடுப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. வார்த்தை தெரிந்த பாட்டு ஆகாது, கூடவே பாட ஆரம்பித்து என்ன சீட்டு இறங்கியது என்பதை மறந்துவிடுவார்கள். மேளம் பலமாக இருந்தால் டைல்ஸ் சீட்டை மேஜையில் அறைவார், டம்ளர் கவிழும். சோகப் பாட்டு போட்டால் தோற்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையையே நினைத்துக்கொள்வார்கள். புல்லாங்குழல் கூடவே கூடாது. பல்லுவின் கிளினிக்கில் நாள் பூரா அதுதான் ஓடுகிறது. "அதைக் கேட்டா எவன் வாய்க்குள்ளயோ கையை விடணும்னு தோணுதுடி" என்பாள்.

இதையெல்லாம் விடச் சத்தம் முக்கியம். சண்டை வரப்போகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் கூட்ட வேண்டும். யாராவது ஒருவர் சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினால், மனசில் இருக்கிறதைச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம், உடனே குறைத்துவிட வேண்டும். டைல்ஸ் தன் அப்பாவுக்கு நோய் என்று சொன்னது நான் சத்தத்தைக் குறைத்த இடைவெளியில்தான். பல்லு குழந்தை வேண்டாமென்று முடிவெடுத்ததைச் சொன்னதும் அப்படித்தான். யாரும் கவனித்ததில்லை. கவனித்திருந்தால் எனக்கு வேலை தெரியவில்லை என்றுதான் ஆகும்.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னைக்கு ஏன் பாட்டே போடல?"

சாயங்காலம் பூரா ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

[இங்கே "நானும் அந்த வீட்டில் பின்னணி இசையாகவே" என்று தொடங்கும் ஒரு வாக்கியம் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.]

5

பிரிந்தபோது எல்லாவற்றையும் பிரித்தோம். மிக்ஸி எனக்கு, ஃபிரிட்ஜ் அவருக்கு. புத்தகம் எனக்கு, அலமாரி அவருக்கு. தோழியைப் பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் நான் கொண்டுவந்தவள்தானே, என் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று இருந்துவிட்டேன்.

வந்தாள். அறைக்குத் திரைச்சீலை மாட்டிக்கொடுத்தாள். ஸ்டூலின் மேல் நின்றபடியே நான் கேட்காமலே சொன்னாள்:

"ஆட்டமெல்லாம் நின்னு போச்சுடி. நீ இல்லாம என்ன ஆட்டம் வேண்டிக்கிடக்கு? சீட்டுக்கட்டு எங்க இருக்குன்னுகூட யாருக்கும் தெரியாது."

எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புருஷனை விட்டு வந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். நான் இல்லாமல் ஒன்று நின்றுபோயிருக்கிறது.

நாங்கள் பிரிக்க மறந்த இன்னொன்று, பாட்டுக் கணக்கு. பாட்டு கேட்கிற ஆப்பில் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். அந்த ஹாலில் பாட்டு ஓடினால் இங்கே என் போனில் தெரியும். இங்கிருந்தே பாட்டை மாற்றலாம், சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதுவரை ஹாலில் எதுவும் ஓடி நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்த ஆப்பின் பக்கமே போகாமல் சீக்கிரம் படுத்துவிடுவது வழக்கமாகியிருந்தது, அதனால்கூட இருக்கலாம்.

6

அந்தச் சனிக்கிழமை ஆபீசில் ஆறாம் வகுப்பு அறிவியல் புரூஃப் தாமதம். ஏழு மணிக்கு அறைக்கு வந்து, ஏதாவது கேட்போமே என்று போனை எடுத்தால் திரையில் எழுதியிருக்கிறது: ஹால் ஸ்பீக்கரில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

என் பட்டியல். ஆட்டத்துக்கென்று நான் சேர்த்துவைத்தது. வார்த்தை இல்லை, மேளம் இல்லை, குழல் இல்லை. நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் அவருக்காக வக்கீலாக வாதாடினேன். தனியாகக் கேட்கிறார் போல. பாவம், என்னை நினைத்துக்கொண்டு — [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே சிரிப்பு வந்தது.] பாட்டு ஓடுவதே காதில் விழாத மனுஷன் அவர்.

பல்லுவுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தலையணையில் சாய்த்துவைத்துக்கொண்டேன்.

"சொல்லுடி."

"எங்க இருக்கே?"

"கிளினிக்லதான். சனிக்கிழமைன்னா கூட்டம் அள்ளும்னு தெரியாதா உனக்கு?"

"சும்மாதான் கூப்பிட்டேன். போரடிக்குது."

"சாப்ட்டியா? சமைக்கச் சோம்பல்பட்டு பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுக்காதே. பல்லு போயிடும்."

அவள் குரலுக்குப் பின்னால் நாலாவது பாட்டு முடிந்து ஐந்தாவது தொடங்கியது. என் திரையிலும் ஐந்தாவது.

"பின்னாடி ஏதோ பாட்டு கேக்குதே?"

"பாட்டா? அது... வெயிட்டிங் ஹால்ல டிவி ஓடுதுடி."

நான் திரையைப் பார்த்தேன். அவள் தொண்டையைச் செருமினாள். எனக்குத் தெரியும் அந்தச் செருமல்.

"அது வந்து... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி —"

கை தானாகப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்துச் செய்யவில்லை. யாராவது மனசைத் திறந்தால் சத்தத்தைக் குறைக்கிற கை அது. கட்டைவிரலால் இழுத்துக் குறைத்தேன். எங்கேயோ நாலு தெரு தள்ளி ஒரு ஹாலில் பாட்டு அடங்கியது.

"ஏய், சவுண்டைக் கொறச்சது யாரு?" டைல்ஸின் குரல்.

"நான் தொடவே இல்லப்பா." வீட்டுக்காரர்.

சீட்டை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. பல்லு மூச்சை இழுத்தது கேட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது, எங்கள் நாலு பேரில் அவள்தான் கெட்டிக்காரி.

"பேஷண்ட் வந்துட்டாங்க, அப்புறம் கூப்பிடறேன்." வைத்துவிட்டாள்.

புருஷனை விட்டு வந்தபோது நான் அழவில்லை. அன்றைக்கு அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டெல்லாம் இல்லை, பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுகிற அளவுக்கு அழுதேன்.

7

இங்கே ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றுகிறேன். புல்லாங்குழல். மூன்று பேரும் துள்ளி எழுகிறார்கள், சீட்டு பறக்கிறது. சினிமாவுக்குச் சரி. ஆனால் பழிவாங்குவது என்றால் அவர்கள் பயப்பட வேண்டும். இவர்கள் ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள்.

(ஆ) ஆட்டோ பிடித்துப் போய் அழைப்புமணியை அடிக்கிறேன். கதவு திறக்கிறது. நான் சொல்கிறேன், "கை ஒண்ணு குறையுதாமே, அதான் —"

[மேலே எழுத முடியவில்லை. கதவைத் திறக்கிற ஆள் யார் என்று வைத்தாலும் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.]

(இ) கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கு அடுத்த பாட்டை இன்னும் நல்லதாக எடுத்துவைக்கிறேன். இதை எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் பெரிய மரியாதை வந்தது. உடனே கிழித்துப்போட்டேன். அவ்வளவு நல்லவளாக இருந்தால் இந்தக் கதையையே எழுதியிருக்க மாட்டேனே.

நடந்தது இதில் எதுவும் இல்லை. நான் எதையும் தொடவில்லை. பட்டியல் முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் சத்தத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டார்கள்.

8

அவள் அப்புறம் கூப்பிடவில்லை. ஞாயிறு கூப்பிடுவாள் என்று குளிக்கும்போதும் போனைக் குளியலறை ஜன்னலில் வைத்தேன். திங்கள் ஆபீசில் 'இலை'யை 'இல்லை' என்று விட்டுவிட்டுத் திட்டு வாங்கினேன்.

புதன்கிழமை அந்த ஆப் என்னை வெளியே தள்ளியது. கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்கிறது என்றது.

யார் மாற்றியிருப்பார்கள்? வீட்டுக்காரருக்குக் கடவுச்சொல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டைல்ஸ் போனில் எழுதுவதென்றால் கடைப் பையனைக் கூப்பிடுகிற ஆள். அந்த டிபார்ட்மென்ட் யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆட்டத்துக்குக் கூப்பிடாததை நான் தாங்கிக்கொள்வேன். பிரிந்தவர்களில் ஒருவரைத்தான் கூப்பிட முடியும், வீடும் மேஜையும் அவரிடம் இருக்கிறது, புரிகிறது. பொய் சொன்னதையும் தாங்கிக்கொள்வேன், என் மனசு நோகக்கூடாதென்று சொல்லியிருப்பாள். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, ஒரு போன் போடுவதா, பூட்டை மாற்றுவதா என்று யோசித்து, பூட்டை மாற்றியிருக்கிறாள்.

9

வாசகர்களே, உங்களிடம் முடிவை ஒப்படைப்பதுதான் இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம். மன்னிக்க வேண்டும், உங்களிடம் தர முடியாது. இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டதற்கு நன்றி. நீங்கள் கிளம்பலாம். உண்மையாகத்தான் சொல்கிறேன், எழுந்து போங்கள். செருப்பு மாற்றிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

போயிட்டாங்களா?

நீ இருடி, பல்லு.

நான் எழுதறது எல்லாத்தையும் நீ படிப்பேன்னு எனக்குத் தெரியும். இதையும் படிப்பே. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி"ன்னு ஆரம்பிச்சு விட்டுட்டுப் போனியே, அந்த வாக்கியத்தை நான் ஒன்பது விதமா முடிச்சுப் பாத்துட்டேன், எதுலயும் உன் குரல் வரல. நீயே முடி. நெசத்தைச் சொல்றதுன்னா சொல்லு. முடியலன்னா பொய்யே சொல்லு, கேட்டுக்கறேன். ஆனா இந்தத் தடவை கொஞ்சம் மெனக்கெட்டுச் சொல்லு. அந்த வெயிட்டிங் ஹாலுக்கு நாற்காலி வாங்க உங்கூடக் கடை கடையா அலைஞ்சவ நான்.

உன் கிளினிக்ல டிவியே கிடையாதுடி.